பழைய மேடை, புதிய தர்க்கம்

தொலைக்காட்சியுடன் இணைத்து விளையாடப்படும் கன்சோல் என்னும் கருவியைச் செய்து விற்கும் நிறுவனங்கள், அதற்கு வாங்குவோரைச் சேர்ப்பதற்காகத் தாங்களே சில வீடியோ கேம்களைத் தயாரித்து, அவை வெற்றி பெற்றால் பாகம் பாகமாகப் பல ஆண்டுகளுக்கு நீட்டித்துக்கொண்டு போகின்றன. ஒவ்வொரு பாகமும் முந்தையதைவிடப் பிரம்மாண்டமாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு செலவை ஏற்றிவிடுகிறது. ஏறிய செலவோ புதிதாக எதையும் முயன்று பார்க்கும் துணிவைத் தின்றுவிடுகிறது.

இச்செலவுக் கணக்கைப் பொதுவாக நிறுவனங்கள் வெளியே சொல்வதில்லை. ஆக்டிவிஷன் பிளிசார்டு நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவதை எதிர்த்து அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2023-இல் தாக்கலான, கன்சோல் தயாரிக்கும் சோனியின் ஆவணமொன்றில் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்த வரிகள் ஸ்கேன் செய்தபோது படிக்கும்படி தெரிந்துவிட்டதால்தான், அந்நிறுவனத்தின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ விளையாட்டின் இரண்டாம் பாகத்துக்கு 22 கோடி டாலரும் (அன்றைய மதிப்பில் சுமார் 1,800 கோடி ரூபாய்), ‘ஹொரைசன்’ வரிசையின் இரண்டாம் விளையாட்டுக்கு 21.2 கோடி டாலரும் ஆனது உலகுக்குத் தெரியவந்தது. பின்னதில் சுமார் 300 பேர் ஐந்தாண்டுகள் உழைத்திருக்கிறார்கள். இத்தொகையின் பெரும்பகுதி அவர்களுடைய சம்பளமே. அவர்களில் பலரின் வேலை முகச்சுருக்கத்தையும் இலை நரம்பையும் அசலென நம்பும்படி வடிப்பது.

மற்றொரு கன்சோல் நிறுவனமான நிண்டெண்டோவின் செல்டா விளையாட்டு வரிசையும் மலிவானதன்று. 1986-இல் தொடங்கிய அவ்வரிசையில் 2017-இல் வெளிவந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்டு’ விளையாட்டில் 300-க்கும் மேற்பட்டோர் பங்குகொண்டனர். 20 லட்சம் பிரதிகள் விற்றால்தான் போட்ட பணம் தேறும் என்று நிறுவனத்தின் மூத்த படைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ கூறியிருந்தார். ஆனால் அதன் ஓவியம் அசலைப் போலிருக்க முயலவில்லை. மிச்சமான உழைப்போ நெருப்பு, நீர், காற்று, மின்சாரம் ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கும் என்ற விதிகளில் இறங்கியது. காய்ந்த புல்லில் தீ வைத்தால் வெப்பக்காற்று மேலெழும்புகிறது, அதில் பாய்ச்சீலையை விரித்தால் நாயகன் உயரே போகிறான். இடிமழையில் இரும்புவாளை முதுகில் சுமந்தால் மின்னல் அவன்மேல் விழுகிறது, அந்த வாளையே பகைவன் காலடியில் எறிந்துவிட்டால் மின்னல் அவனைத் தாக்குகிறது. இதைச் செய்யும்படி எந்தக் காட்சியும் சொல்லித் தருவதில்லை. 2023-இன் ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ முந்தைய விளையாட்டின் அதே கற்பனை நாட்டின் நிலப்படத்தை மீண்டும் எடுத்துக்கொண்டு, கண்ட பொருளையெல்லாம் ஒட்டி வண்டியாகவும் படகாகவும் பாலமாகவும் ஆக்கும் வித்தையைச் சேர்த்தது. அதன் செம்மைப்பாட்டுக்கென்றே ஏறக்குறைய ஓராண்டு கூடுதலாகச் செலவிடப்பட்டது. பழைய வரைபடத்தை விற்கிறார்கள் என்ற குறை அப்போது எழுந்தது. ஆயினும் வெளியான மூன்றே நாளில் ஒரு கோடிப் பிரதிகள் விற்றன.

பழையதை அப்படியே வைத்துக்கொண்டு உழைப்பை வேறொன்றில் போடும் இந்தக் கணக்கு மதுரை வட்டார நாடக மேடைக்குப் புதியதன்று. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வகுத்துக்கொடுத்த ‘வள்ளி திருமணம்’, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக இன்றும் விடிய விடிய நடக்கிறது. ஸ்பெஷல் நாடகம் என்பது நிலையான கம்பெனியோ ஒத்திகையோ இல்லாமல், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரையும் தனித்தனியே அந்த ஒரு இரவுக்குப் பேசி அமர்த்துவது. பின்னால் தொங்குவது எழுதிய படுதா. கதையோ குழந்தைக்கும் தெரிந்தது. ஆகவே ஊர்ப்பணம் நடிகர் சம்பளத்துக்குப் போகிறது; கூட்டத்தின் கவனம் தினைப்புனத்தில் வள்ளியும் நாரதரும் பாட்டும் வசனமுமாக மோதும் தர்க்கத்துக்குப் போகிறது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வரும் என்பது மேடையேறும் இருவருக்குமே முழுதாகத் தெரியாது. கதை மாறாததால்தான் இந்தத் துணிச்சல் சாத்தியமாகிறது என்று சொல்வது மிகையாகாது.

நீட்டிக்க முன்பாகம் எதுவுமில்லாத சிறு விளையாட்டுக் குழுக்கள், பழகிய அடித்தளத்தை அன்றாட வாழ்க்கையிலிருந்து கடன் வாங்குகின்றன. கனடாவின் டொரண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கி 2023 ஜூலையில் வெளியிட்ட ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, 1980-களில் அங்கே குடியேறிய தமிழ்த் தம்பதியையும் அவர்கள் மகனையும் பற்றியது; இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அம்மா தந்த சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்த இடங்களை ஊகித்து, எல்லாக் குழிக்கும் ஆவி போகும்படி இட்லித் தட்டுகளை அடுக்குவதுபோன்றவையே அதில் புதிர்கள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு அதற்குச் சிறந்த முதல் படைப்புக்கான விருதை அளித்தது.

இதைக் காட்டிப் பெரிய நிறுவனங்களுக்குப் புத்தி சொல்வது எளிது. ஆனால் 300 பேருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டிய இடத்தில் இரண்டு மணி நேரக் கதை செல்லாது. நிண்டெண்டோவுக்கு இதுவரை கைகொடுத்த இன்னொன்று, அதன் கருவி போட்டியாளர்களுடையதைவிட வலிமை குறைந்ததாக இருந்தது. சருமத் துளைகளை அது காட்டாது, ஆகவே வரையவும் வேண்டியதில்லை. 2025 ஜூனில் வந்த அதன் புதிய கன்சோலான ஸ்விட்ச் 2 முந்தைய கருவியைவிடப் பல மடங்கு வலியது. அத்துடன் வெளியான ‘மரியோ கார்ட் வேர்ல்டு’ விளையாட்டுக்கு அமெரிக்காவில் வைத்த விலை 80 டாலர். முந்தைய கருவிக்கான அதே வரிசை விளையாட்டின் விலை 60 டாலர்.