ஜிம்மும் ஸ்டீராய்டு ஊசியும்

அனபாலிக் ஸ்டீராய்டைப் போட்டுக்கொள்பவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வீரர்கள் அல்லர். பகலில் வேலை, மாலையில் ஜிம் என்று இருக்கும் சாதாரண ஆண்கள். பதக்கம், பரிசுத்தொகை, சிறுநீர்ப் பரிசோதனை எதுவும் அவர்களுக்கு இல்லை. பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2014-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது இதைப் பயன்படுத்தியவர்கள் ஆண்களில் 6.4 சதவீதம், பெண்களில் 1.6 சதவீதம். போட்டி வீரர்களிடையே இது 13.4 சதவீதம். பொழுதுபோக்காகப் பயிற்சி செய்பவர்களிடையே 18.4 சதவீதம்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் ஆஸ்துமா மாத்திரையை நினைத்துப் பயப்படுபவர்கள் உண்டு. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் மருத்துவர் எழுதிக்கொடுப்பது வேறு வகை. அதை நெடுநாள் சாப்பிட்டால் தசை கரையுமே தவிர வளராது. அனபாலிக் வகை என்பது ஆணின் விரையில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோனும், அதன் வேதி அமைப்பைச் சற்றே மாற்றிச் செய்த நான்ட்ரோலோன், ஸ்டானசோலால், மெத்தான்டியனோன் போன்றவையும்தான். ஜிம்மில் டப்பாவில் விற்கும் புரதப் பொடியும் கிரியேட்டினும் இதில் சேராது. கலப்படம் இல்லாதவரை அவை உணவுப் பொருட்களே.

எடை தூக்கும்போது தசைநார் தாங்கும் இழுவிசையே வளர்ச்சிக்குத் தூண்டுகோல். பயிற்சிக்குப் பிறகு ஓரிரு நாட்களுக்குத் தசை வழக்கத்தைவிட வேகமாகப் புரதத்தைக் கட்டிக்கொள்கிறது. உடல் பழகிவிட்டால் அதே எடை போதாது, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இதை முறைப்படுத்தியவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் கால் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்குப் படிப்படியாக எடையைக் கூட்டிப் பயிற்சி கொடுத்து, 1945-ல் அந்த முறையை எழுதி வெளியிட்டார். இன்று ஜிம்மில் பத்துப் பத்தாக எண்ணித் தூக்கும் வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் முதல் சில வாரங்களில் சட்டென்று பலம் கூடியதாக உணர்வார். அது பெரும்பாலும் நரம்பு மண்டலம் தசையை ஏவக் கற்றுக்கொண்டதன் பலன். கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சி அதற்குப் பின்னால் மெதுவாகத்தான் வரும். அந்தத் தாமதம்தான் ஊசிக்கு வழி திறக்கிறது.

ஆரோக்கியமான ஆணின் உடல் நாளொன்றுக்கு 3 முதல் 10 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கிறது. அது தசைச் செல்லுக்குள் புகுந்து, அங்குள்ள ஏற்பியோடு இணைந்து, உட்கருவுக்குப் போய்ப் புரதம் செய்யும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. தசைநாரை ஒட்டி உறங்கிக்கிடக்கும் துணைச் செல்களை எழுப்பி நாரோடு சேர்த்தும் விடுகிறது. வெளியிலிருந்து கூடுதலாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை ஷாலேந்தர் பசின் தலைமையிலான குழு அமெரிக்காவில் சோதித்து 1996-ல் வெளியிட்டது. ஏற்கெனவே எடை தூக்கிப் பழகிய 43 ஆண்களை நான்கு குழுவாகப் பிரித்து, சிலருக்கு வாரம் 600 மில்லிகிராம் மருந்தும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று ஊசியும் பத்து வாரம் போட்டார்கள். பயிற்சியோடு வெற்று ஊசி போட்டவர்களுக்குக் கொழுப்பு நீங்கலான எடை சராசரியாக 2 கிலோ அளவில் கூடியது. எந்தப் பயிற்சியும் செய்யாமல் மருந்து மட்டும் போட்டவர்களுக்கு 3.2 கிலோ. மருந்தும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்கு 6.1 கிலோ. வியர்வை சிந்தியவரைவிடச் சும்மா இருந்து ஊசி போட்டவர் அதிகம் ஏறினார் என்பதுதான் இந்த ஆய்வின் கசப்பான செய்தி.

மருந்து வேலை செய்கிறது என்பதை மருத்துவ உலகம் ஒப்புக்கொள்ளவே தாமதமானது. டெஸ்டோஸ்டிரோனைப் பிரித்தெடுத்ததும் ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டியதும் 1935-ல். அதைச் செய்துகாட்டிய பூட்டனான்ட், ருசிச்கா இருவருக்கும் 1939-ல் வேதியியல் நோபல் அறிவிக்கப்பட்டது. 1954-ல் வியன்னாவில் நடந்த உலகப் பளுதூக்கும் போட்டிக்கு அமெரிக்க அணியோடு போன மருத்துவர் ஜான் சீக்லர், சோவியத் வீரர்கள் டெஸ்டோஸ்டிரோன் எடுத்துக்கொள்வதைத் தெரிந்துகொண்டு திரும்பினார். 1958-ல் சீபா நிறுவனம் டயனபால் மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவர, அது பளுதூக்குபவர்களிடமும் உடற்கட்டுக்காரர்களிடமும் வேகமாகப் பரவியது. இவ்வளவுக்குப் பிறகும் 1977-ல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, இதனால் பலம் கூடும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அறிக்கை விட்டது. 1984-ல்தான் மாற்றிக்கொண்டது. கண்ணாடி முன் நின்று பயிற்சி செய்தவருக்கு அறிக்கை தேவைப்படவில்லை. பலன் விஷயத்தில் மருத்துவர்களின் பேச்சு பொய்த்துப்போனதால், கெடுதல் பற்றி அவர்கள் சொன்னதையும் ஜிம் உலகம் காதில் வாங்கவில்லை. அந்த அவநம்பிக்கை இன்றும் நீடிக்கிறது. மருத்துவரைவிட ஜிம் மாஸ்டர் சொல்வதே வேதவாக்கு.

பயன்படுத்தும் முறைக்கு ஜிம்மில் தனி மொழியே உண்டு. சில வாரங்கள் போட்டுச் சில வாரங்கள் நிறுத்துவது சைக்கிள். இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துப் போடுவது ஸ்டாக். முடிந்த பிறகு உடலின் சொந்தச் சுரப்பை எழுப்ப வேறு மருந்துகள் எடுப்பது பி.சி.டி. எண்ணெயில் கலந்த ஊசி மருந்து தசைக்குள் தங்கி மெல்ல இரத்தத்தில் கலக்கும். மாத்திரைகளில் பலவற்றின் மூலக்கூறில் ஒரு சிறு மாற்றம் செய்யப்பட்டிருக்கும், கல்லீரல் உடனே சிதைத்துவிடாமல் இருப்பதற்காக. மஞ்சள் காமாலையிலிருந்து கட்டிவரை அந்த மாத்திரைகளால் கல்லீரலுக்கு வருவதற்கு இந்த மாற்றமே முக்கியக் காரணம். ஊசி வகைகளுக்குக் கல்லீரல் ஆபத்து குறைவு. அதை வைத்து ஊசி பத்திரமானது என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. ஏனென்றால் அதிக ஆபத்து இதயத்துக்குத்தான்.

இந்த மருந்துகள் நல்ல கொழுப்பான எச்.டி.எல்.லைக் குறைத்துக் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைக் கூட்டுகின்றன. சிவப்பணுக்கள் பெருகி இரத்தம் தடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. இதயத்தின் இடது கீழறையின் சுவர் தடித்து விறைக்கிறது. அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஆய்வு 140 ஆண் பளுதூக்குபவர்களின் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தது. அவர்களில் 86 பேர் மொத்தமாக இரண்டு ஆண்டுகளாவது ஸ்டீராய்டு எடுத்தவர்கள், 54 பேர் எடுக்காதவர்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதய அறை வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு, எடுக்காதவர்களிடம் சராசரியாக 63 சதவீதம், எடுத்தவர்களிடம் 52. நிறுத்தியிருந்தவர்களிடம் இது ஓரளவு தேறியிருந்தது. ஆனால் இதயத் தமனியில் படிந்த கொழுப்பு, வாழ்நாளில் எடுத்த மொத்த மருந்தின் அளவுக்கேற்பக் கூடியிருந்தது. இவற்றில் எதுவும் வலியாகவோ மூச்சுத் திணறலாகவோ முதலில் தெரிவதில்லை. உடம்பு நன்றாக இருப்பதுபோல் தோன்றும் வயதில்தான் இதெல்லாம் நடக்கிறது.

டென்மார்க்கில் ஜிம்முக்கு வருபவர்களிடமும் ஊக்கமருந்துப் பரிசோதனை நடத்தும் வழக்கம் உண்டு. அப்படிப் பிடிபட்ட 545 ஆண்களை, அதே வயதுள்ள பொதுமக்களோடு ஒப்பிட்டு 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. பிடிபட்டவர்களிடையே இறப்பு விகிதம் மூன்று மடங்கு. இப்படிப்பட்டவர்களின் பிற பழக்கங்களும் இதில் கலந்திருக்கலாம் என்பது உண்மைதான். எனினும் எக்கோ காட்டிய படத்தோடு இந்த எண் பொருந்திப்போகிறது.

ஹார்மோன் விஷயத்தில் நடப்பது சற்று வேடிக்கையானது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தே விரைக்கு உத்தரவு அனுப்புகிறது. லாரித் தண்ணீரால் தொட்டி நிரம்பிக் கிடந்தால் வீட்டு மோட்டாருக்கு வேலை இல்லை. அதேபோல உத்தரவு நின்று, விரை சுருங்கி, விந்தணு உற்பத்தியும் நிற்கிறது. ஆண் கருத்தடைக்கு இதையே பயன்படுத்தலாமா என்று உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்ததுண்டு. 1990-ல் வெளியான அந்த ஆய்வில் வாரந்தோறும் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்ட 271 ஆண்களில் 157 பேருக்கு விந்தணுவே இல்லாமல் போனது. ஆண்மை பெருகும் என்று நம்பிப் போடும் ஊசி, மருத்துவக் கணக்கில் ஒரு கருத்தடை முறை. கூடுதல் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை உடல் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் மார்பு பெண்களுக்குப்போல் வீங்குகிறது. முற்றிவிட்டால் அறுவைசிகிச்சைதான் வழி. இன்னொரு பகுதி வேறொரு ஹார்மோனாக மாறி முகப்பருவையும், பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி உதிர்வையும் கொண்டுவருகிறது.

தசை வளரும் வேகத்துக்குத் தசைநாண் ஈடுகொடுப்பதில்லை. 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஸ்டீராய்டு எடுத்த 88 பேரில் 19 பேருக்கு ஒருமுறையாவது தசைநாண் அறுந்திருந்தது. எடுக்காத 54 பேரில் அது 3 பேருக்கு மட்டுமே. வளரும் வயதுப் பையன்களுக்கு எலும்பு முனைகள் முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். பெண்களுக்குக் குரல் தடிப்பதும் முகத்தில் முடி வளர்வதும் மருந்தை நிறுத்தினாலும் முழுதாக மாறாது. 1974 முதல் அரசுத் திட்டமாகவே சிறுமிகளுக்கும் மாத்திரை கொடுத்த கிழக்கு ஜெர்மனியின் ஆவணங்கள், பெர்லின் சுவர் இடிந்த பிறகு வெளிவந்து அதைச் சந்தேகமின்றிக் காட்டின. ஊசியைப் பகிர்ந்துகொண்டால் மஞ்சள் காமாலைக் கிருமிகளும் எச்.ஐ.வி.யும் தொற்றும். இது எந்த ஊசிக்கும் பொருந்தும்.

இத்தனைக்கும் மேல் ஏன் போடுகிறார்கள்? கண்ணெதிரே இருக்கும் உடல்களின் அளவு மாறிவிட்டது என்பது ஒரு காரணம். ஹாரிசன் போப் என்ற ஹார்வர்டு மனநல மருத்துவரும் அவரது சகாக்களும் 1995-ல், உயரத்துக்கேற்பத் தசை எவ்வளவு என்பதைக் காட்டும் ஒரு குறியீட்டை வைத்து, மருந்து எடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் அளந்தார்கள். எடுக்காதவர்கள் ஏறக்குறைய 25 என்ற எண்ணோடு நின்றுவிட்டார்கள். எடுத்தவர்களில் பலர் அதைத் தாண்டினார்கள். இது கறாரான எல்லைக்கோடு இல்லை. ஆனால் ஆணழகன் மேடையிலும் திரைப்படச் சுவரொட்டியிலும் தெரியும் சில உடல்கள் தண்டாலும் முட்டையும் மட்டும் கட்டியவை அல்ல என்று யூகிக்க இது போதும். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்ப்பவருக்குத் தன் உடம்பு எப்போதும் சிறியதாகவே தெரியும். இந்த மனநிலை முற்றினால் நோய். எவ்வளவு பருத்தாலும் ஒல்லி என்றே நம்பி, தளர்ந்த சட்டைக்குள் ஒளிந்துகொள்பவர்களை போப்பின் குழு 1993-லேயே பதிவு செய்திருக்கிறது.

எடுப்பவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர் மருந்துக்கு அடிமையாகிறார்கள் என்பது மதிப்பீடு. இதில் உடனடிப் போதை கிடையாது. போட்டிருக்கும்போது சிலருக்குக் கோபமும் துணிச்சலும் மிதமிஞ்சும். நிறுத்தியதும் வெளி மருந்தும் இல்லை, சொந்தச் சுரப்பும் எழவில்லை என்ற இடைவெளி வரும். காம விருப்பம் போய், சோர்வும் மனச்சோர்வும் சேர்ந்து, கூடவே தசையும் இறங்குவதைப் பார்க்கும் ஒருவருக்கு அடுத்த சைக்கிளைத் தொடங்குவதுதான் எளிய தீர்வாகப் படும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. அமெரிக்கா 1990-ல் இயற்றிய சட்டத்தால் இவற்றைக் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளில் மூன்றாம் பட்டியலில் சேர்த்தது. பிரிட்டனில் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பது குற்றமில்லை, விற்பதுதான் குற்றம். இந்தியாவில் இவை எச் பட்டியல் மருந்துகள், மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2022-ல் வந்த தேசிய ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் போட்டி வீரர்களை மனதில் வைத்தது. மாலையில் ஜிம்முக்குப் போகும் ஐ.டி. ஊழியரை அது தொடுவதில்லை. கள்ளச்சந்தை மருந்தில் லேபிளில் எழுதிய பொருளே இருக்கும் என்பதற்கும் உறுதி கிடையாது.

ஊசி இல்லாமல் எவ்வளவு ஏற்றலாம் என்ற கேள்விக்கும் ஆய்வுகளில் விடை இருக்கிறது. 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018-ன் கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் வரை பயிற்சியின் பலனைக் கூட்டுகிறது, அதற்கு மேல் பெரிய வித்தியாசமில்லை. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 112 கிராம். முட்டை, மீன், பயறு, பால் என்று கவனமாகச் சாப்பிட்டால் எட்டிவிடக்கூடியதே. தினம் 3 முதல் 5 கிராம் கிரியேட்டின் பலத்துக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். மற்றபடி எடையைக் கூட்டிக்கொண்டே போவதும், தூக்கமும், ஆண்டுக்கணக்கான பொறுமையும்தான்.

ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் நிறுத்த நினைத்தால், உட்சுரப்பியல் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்வது சிகிச்சையை எளிதாக்கும். டெஸ்டோஸ்டிரோன், விரையை ஏவும் எல்.எச்., எப்.எஸ்.எச்., கொழுப்பு, கல்லீரல், இரத்தத் தடிப்பு ஆகியவற்றுக்கான பரிசோதனைகளோடு ஒரு எக்கோவும் எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தை வேண்டும் என்பவருக்கு விந்தணுப் பரிசோதனை சேரும். சொந்தச் சுரப்பு திரும்பச் சிலருக்குச் சில மாதங்களும், நெடுநாள் எடுத்தவர்களில் சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகின்றன. சிலருக்கு முழுதாகத் திரும்புவதே இல்லை. அந்த இடைக்காலத்தில் விரையைத் தூண்டும் மருந்துகளும், தேவைப்பட்டால் மனச்சோர்வுக்கான சிகிச்சையும் கொடுக்கிறார்கள்.