புயல் என்னும் சொல்லும் புயற் செய்தியும்

வள்ளுவர் 'வான்சிறப்பு' அதிகாரத்தில் ஆளும் 'புயல்' என்னும் சொல்லுக்கு மழை என்பது பொருள். உழவன் ஏங்கி நிற்கும் செல்வம் அது. பழந்தமிழில் அச்சொல் முகிலையும் மழையையுமே குறித்தது. பெருங்காற்றுக்குச் சூறை, சூறாவளி முதலிய சொற்கள் தனியே இருந்தன. இன்று தமிழ்நாட்டில் புயல் என்றால் அச்சம். இலங்கைத் தமிழரோ 'சூறாவளி' என்பதையே வழங்குகின்றனர். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த காற்று அவர்கள் நினைவில் சூறாவளியாகவே நிற்கிறது. மலேசியத் தமிழராகிய நமக்குப் புயல் என்பது பெரும்பாலும் ஒரு செய்தி. தொலைக்காட்சியில் வருவது, நம்மிடம் வராதது. இவ்வெண்ணம் எவ்வளவு சரி என்பதை ஆராயுமுன், அச்செய்தியையே நாம் சரியாகப் படிக்கின்றோமா என்று பார்க்க வேண்டும்.

'எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமான வடிவங்களையும், இரவில் விளக்குகளையும் ஏற்றிக் கப்பல்களுக்குக் குறிப்புக் காட்டும் பழைய முறை இது. எண்கள் 11. வாசகர் பலர் இவற்றைத் தேர்வு மதிப்பெண் போலக் கருதி, எண் ஏற ஏற ஆபத்தும் ஏறுவதாகக் கொள்வர். ஓரளவுக்கே இது உண்மை. 1, 2 ஆகியவை தொலைவிலுள்ள கடலைப் பற்றியவை. 3, 4 துறைமுகத்துக்கே உரிய எச்சரிக்கைகள். 5, 6, 7 மூன்றும் காட்டும் அபாயம் ஒரே அளவினது; வேறுபாடு திசையில்தான். புயல் துறைமுகத்தைத் தனக்கு இடப்பக்கம் விட்டுச் செல்லுமாயின் 5. வலப்பக்கம் விட்டுச் செல்லுமாயின் 6. துறைமுகத்தின் மேலோ மிக அருகிலோ கடக்குமாயின் 7. கடும்புயலுக்கு 8, 9, 10 என்பனவும் இவ்வாறே. எனவே 8ஆம் எண் 9 ஆயிற்று என்று பதறும் தலைப்பு, உண்மையில் புயலின் வழி மாறியதையே சொல்கிறது. வலிமை கூடியதை அன்று. 11ஆம் எண்ணின் பொருள் முற்றிலும் வேறு. வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்பதே அது.

வட இந்தியப் பெருங்கடற் புயல்களுக்கு 2004 முதல் பெயர் சூட்டப்படுகிறது. பெயர் வந்தபின் பரபரப்பும் எளிதாயிற்று. 2018 நவம்பரில் வந்த புயலுக்கு இலங்கை தந்திருந்த பெயர் 'கஜா', அதாவது யானை. தலைப்பு எழுதுவோருக்கு வேறென்ன வேண்டும்? தொலைக்காட்சிகள் மணிதோறும் முழங்கின. யானையோ கடலில் தயங்கியும் திரும்பியும் மெல்ல நகர்ந்தது. சமூக ஊடகங்களில் கேலி பெருகியது. நவம்பர் 16 விடியுமுன் அது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறித் தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைத் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தது. அதற்கு முன்பே 80,000க்கு மேற்பட்ட மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தனர். இல்லையேல் உயிரிழப்பு எவ்வளவு மிகுந்திருக்கும்!

முன்னறிவிப்பைச் சோதிடமாகக் கொள்வதே இக்கேலிக்கு வேர். வானிலையாளர் வரைவது ஒரு கோடன்று. நாள் தள்ளத் தள்ள அகலும் விசிறி. சென்னைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே நேர்த்தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். விசிறியின் ஓரத்தில் இருந்த சென்னைக்கு வராத புயல், டெல்டாவுக்கு வந்த புயலே. தலைநகரில் பெய்யாததால் 'பொய்த்தது' என்பது தலைநகரத்தார் வழக்கு. (சென்னை வானிலை மையத்திலிருந்து 2016இல் ஓய்வு பெற்ற ரமணனைப் பள்ளிப் பிள்ளைகள் விடுமுறை வழங்கும் வள்ளலாகவே கொண்டாடினர். தலைமையாசிரியர்கள் அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டார்கள்!) ஆரவாரமின்மையும் கேடுதான். 2017இல் 'ஒக்கி' புயலின் எச்சரிக்கை வந்தபோது குமரி மீனவர் பலர் முன்பே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர்; பலர் திரும்பவே இல்லை.

இனி நம் நாடு. புயல் சுழல்வதற்குப் பூமியின் சுழற்சி தரும் திருப்பு விசை வேண்டும்; நிலநடுக்கோட்டருகே அது மிகச் சிறிது. ஆதலால் இங்குப் புயல் அரிது என்பது மெய். அரிது என்பதை இல்லை என்று படித்தது நம் குறை. 1996 டிசம்பரில் 'கிரெக்' சபாவில் 200க்கு மேற்பட்டோரைக் கொன்றது. 2001 டிசம்பர் 27இல் 'வாமெய்' நிலநடுக்கோட்டுக்கு ஒன்றரைப் பாகை வடக்கே உருவாகி ஜொகூரில் கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் 'சென்யார்' மலாக்கா நீரிணையிலேயே தோன்றிச் சுமத்திராவைச் சூறையாடிய பின், தேய்ந்து நம் மேற்குக் கரையையும் தொட்டது. அதே நாட்களில் இலங்கையைத் தாக்கிய 'டித்வா'வை அறிந்திருந்த நம்மவர் பலர், சென்யாரின் பெயரைக் கேட்டதில்லை. நம் இல்லங்களில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி அவ்வளவு வேரூன்றியிருக்கிறது.

2021 டிசம்பர் 18இல் ஷா ஆலம், தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த மழைக்குப் பெயரே இல்லை. தென்சீனக் கடலிலிருந்து வந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அது. ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியது; மக்கள் கூரைமேல் ஏறி நின்றனர். எச்சரிக்கை இல்லாமல் இல்லை. மலேசிய வானிலைத் துறை தொடர்மழைக்கு மூன்று நிறங்களை வைத்திருக்கிறது: மஞ்சள், விழித்திருக்க, ஆரஞ்சு, நிலைமை கடுமை, சிவப்பு, அபாயம். ஏறத்தாழ நாள்தோறும் வரும் இடிமழை அறிவிப்போடு இதனையும் ஒன்றாக எண்ணித் தள்ளுவோர் மிகுதி. இரண்டும் வேறு. இடிமழை அறிவிப்பு சில மணி நேரத்துக்கானது. சாக்கடை பொங்கி வடிந்துவிடும். தொடர்மழை அறிவிப்பு நாட்கணக்கானது. செந்தூலை ஒட்டி ஓடும் கொம்பாக் ஆறும் பத்து ஆறும் அப்போது நிரம்பக்கூடும்.