உஷார்! உங்கள் வீட்டு வைஃபை பெட்டி யாருடைய கணக்கில் இருக்கிறது?

இதை வாசிக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள். உங்கள் வீட்டு ரவுட்டரை நிர்வகிக்கும் ஆப் யாருடைய கைத்தொலைபேசியில் இருக்கிறது? அதில் எந்த மின்னஞ்சலைக் கொடுத்துக் கணக்குத் திறந்தார்கள்? உங்களுடையதா, மருமகனுடையதா, பொருத்த வந்தவருடையதா? பதில் தெரியாவிட்டால் நீங்கள் பயப்பட வேண்டியவர்தான்.

நாவற்குடாவிலும் நொச்சிமுனை, கல்லடிப் பக்கங்களிலும் வைஃபை பெட்டி வீட்டுக்கு வருகிற விதம் எல்லோருக்கும் தெரிந்தது. கடையில் வாங்கிய பெட்டியோடு தெரிந்த பொடியன் ஒருவர் வருவார். வயரைக் கொழுவிவிட்டு, "அன்ரி, உங்கட ஈமெயில் என்ன?" என்று கேட்பார். "அதெல்லாம் எனக்குத் தெரியாது மகன், நீங்களே பாத்துப் போடுங்க" என்பார் வீட்டுக்காரி. பொடியன் நல்லவர், அவசரத்தில் தன்னுடைய ஜிமெயிலையே போட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றிலிருந்து அந்த வீட்டின் இணையம் அவருடைய கைக்குள் இருக்கிறது. அவர் மறந்திருக்கலாம். ஆப் மறக்காது.

முன்பெல்லாம் ரவுட்டரின் அமைப்பை மாற்றுவதென்றால் வீட்டுக்குள் இருந்துகொண்டு, கணினியில் 192.168.1.1 போன்ற ஓர் எண்ணை அடித்துத்தான் உள்ளே போக வேண்டும். இன்று விற்கப்படும் பல பெட்டிகள் அப்படியல்ல. மின்சாரம் கொடுத்தவுடன் அவை தயாரித்த கம்பனியின் கிளவுட் சேர்வரோடு பேசத் தொடங்கிவிடும். கணக்கின் பாஸ்வேர்ட் கையில் இருந்தால் டோஹாவிலிருந்தோ டொரொன்டோவிலிருந்தோ நாவற்குடா வீட்டு வைஃபையை நிறுத்தலாம், திறக்கலாம், பார்க்கலாம். கட்டாரில் வேலை செய்யும் மகன் தாயின் வைஃபையை அங்கிருந்தே திருத்திக் கொடுக்கிறார் என்றால் அது பெரிய உதவிதான். அந்த உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. மகன் பார்ப்பதைக் கணக்கு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்பதுதான் என் பயம்.

என்ன தெரியும்? வங்கிப் பக்கத்தில் நீங்கள் அடிக்கும் இரகசிய எண் தெரியாது. வட்ஸ்அப் உரையாடலும் தெரியாது. அவை பூட்டப்பட்டுப் போகின்றன. ஆனால் எந்தெந்தக் கருவிகள் வீட்டில் இருக்கின்றன, எது எத்தனை மணிக்கு இணைந்தது, எப்போது வெளியேறியது, எவ்வளவு டேட்டா இழுத்தது என்பது தெரியும். கைத்தொலைபேசிகள் பல சொந்தக்காரரின் பெயரையே தம் பெயராகக் காட்டும். சில பெட்டிகள் நீங்கள் போகும் தளங்களின் பெயர்களையும் குறித்து வைக்கும். நள்ளிரவில் ஒருவர் எந்த மருத்துவமனையின் பக்கத்தை, எந்தக் கடன் கம்பனியின் பக்கத்தைத் திறந்தார் என்பதற்கு உள்ளே எழுதியிருப்பதை வாசிக்கத் தேவையில்லை. தளத்தின் பெயரே போதும்.

யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று படிவம் நிரப்பிப் பொலிஸில் கொடுத்தவர்கள் நாங்கள். விருந்தாளி ஒருவர் இரவு தங்கினாலும் நெஞ்சு இடித்தது. அந்தப் படிவத்தை இப்போது ரவுட்டர் தானாகவே நிரப்புகிறது. நிமிடக் கணக்கோடு நிரப்புகிறது. நிரப்பியதை வேறு நாட்டில் இருக்கும் சேர்வருக்கு அனுப்புகிறது. யாரும் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இது கற்பனைப் பயம் என்று நினைப்பவர்கள் 2012இல் நடந்ததைக் கேட்க வேண்டும். அந்த ஆண்டு ஜூன் கடைசியில், லிங்சிஸ் ஈஏ2700, ஈஏ3500, ஈஏ4500 ரவுட்டர்களை வைத்திருந்த பலர் வழக்கம்போல் தங்கள் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தார்கள். பழைய பக்கம் வரவில்லை. 'சிஸ்கோ கனெக்ட் கிளவுட்' என்ற சேவையில் கணக்குத் திறக்கும்படி கேட்கும் பக்கம் வந்தது. காசு கொடுத்து வாங்கிய பெட்டிக்குள், அப்போது லிங்சிஸின் உரிமையாளராக இருந்த சிஸ்கோ இரவோடு இரவாகப் புதிய மென்பொருளை இறக்கிவிட்டிருந்தது. தானாகப் புதுப்பிக்கும் வசதி திறந்திருந்ததே அதற்கு வழி. அந்தச் சேவையின் தனியுரிமை வாசகத்தைப் படித்தவர்கள் அதிர்ந்தார்கள்: இணையப் போக்குவரத்தையும் இணைய வரலாற்றையும் நிறுவனம் கவனித்து வைக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. பெரும் எதிர்ப்புக் கிளம்பியது. அப்படி எதையும் சேகரிக்கவில்லை என்று சிஸ்கோ சொன்னது, வாசகத்தை நீக்கியது, கணக்கு இல்லாமல் பழைய முறைக்குத் திரும்பவும் வழி விட்டது. அடுத்த ஆண்டே லிங்சிஸை வேறு கம்பனிக்கு விற்றும்விட்டது. அன்று மக்கள் சத்தம் போட்டதால் பின்வாங்கினார்கள். இன்று அதே ஏற்பாட்டோடு வரும் பெட்டியை நாம் சத்தமே இல்லாமல் வாங்குகிறோம்.

அதற்குப் பிறகு நடந்தவை குறைவா? 2020 மார்ச்சில், கொரோனாவில் உலகம் முடங்கிக் கிடந்த நேரம், வேறு இடங்களில் திருடப்பட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத் திருடர்கள் லிங்சிஸ் கிளவுட் கணக்குகளுக்குள் நுழைந்தார்கள். ரவுட்டரின் அமைப்பை மாற்றி, உலக சுகாதார நிறுவனத்தின் கொரோனா ஆப் என்ற பெயரில் தகவல் திருடும் மென்பொருளை இறக்கச் சொன்னார்கள். 2023 டிசம்பரில் யுபிக்விட்டி கம்பனியின் கிளவுட்டில் ஒரு பிழை நேர்ந்தது. 1,216 கணக்குகள் சம்பந்தமே இல்லாத வேறு 1,177 கணக்குகளோடு தவறாக இணைந்துவிட்டன. சிலருடைய கைத்தொலைபேசிக்கு முன்பின் தெரியாதவர்களின் கமெராப் படங்கள் வந்தன. பெல்ஜியத்தின் நுகர்வோர் அமைப்பான டெஸ்ட்ஆன்கோப் சோதித்து 2024இல் வெளியிட்ட முடிவில், லிங்சிஸின் இரண்டு வெலொப் பெட்டிகள் வைஃபையின் பெயரையும் பாஸ்வேர்டையும் மறையாக்கமே இல்லாமல் அமெரிக்காவிலுள்ள சேர்வருக்கு அனுப்பியது தெரியவந்தது.

இன்னொன்று இருக்கிறது, இது தெரிந்தபோது எனக்கு நித்திரை வரவில்லை. வைஃபை அலைகள் ஆளின் உடலில் பட்டு மாறுவதை வைத்து, கமெரா இல்லாமலே வீட்டுக்குள் ஆள் நடமாடுவதை ரவுட்டரால் அறிய முடியும். அமெரிக்காவின் கொம்காஸ்ட் நிறுவனம் இதை 'வைஃபை மோஷன்' என்ற பெயரில் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிறது. விரும்பினால்தான் திறக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதில் கிடைக்கும் தகவலைச் சட்ட அமுலாக்க விசாரணைகளுக்காக மேலும் அறிவிக்காமலே மூன்றாம் தரப்புக்குக் கொடுக்கலாம் என்று நிறுவனமே எழுதி வைத்திருந்தது 2025இல் பெரிய செய்தியானது. நம் ஊருக்கு இது எப்போது வரும் என்று கேட்காதீர்கள். வந்தால் அது கிளவுட் வழியாக ஓர் அப்டேட்டாகவே வரும்.

இடம்பெயர்ந்து பழகிய எங்களுக்கு அடுத்த செய்தி இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு வைஃபை பெட்டியும் தனக்கென்று ஓர் அடையாள எண்ணைக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். வீதியால் போகும் கைத்தொலைபேசிகள் அதைப் பொறுக்கி, இடம் காட்டும் சேவைகளுக்குக் கொடுக்கின்றன. 2024இல் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், அப்பிளின் அத்தகைய சேவையைக் கேட்டே 200 கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று அறிந்ததை வெளியிட்டார்கள். உக்ரைன் போரில் செய்மதி இணையம் தரும் ஸ்டார்லிங்க் பெட்டிகள் இடம் மாறுவதையும் கண்டார்கள். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் இலங்கைக்கும் வந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கு ஓடினாலும் பெட்டி புது இடத்தைச் சொல்லிவிடும். வைஃபை பெயரின் கடைசியில் ஓர் அடிக்கோடும் ஆங்கில எழுத்துகளில் 'நோமேப்' என்றும் (_nomap) சேர்த்தால் அப்பிளும் கூகிளும் அதைத் தங்கள் பட்டியலில் இருந்து விலக்குகின்றன. இலவசமான வேலை, செய்யுங்கள்.

கடையில் வாங்காமல், இணைப்புக் கொடுக்கும் நிறுவனமே தந்த பெட்டி என்றால்? அந்தப் பெட்டிகள் பலவற்றில் டிஆர்-069 என்ற ஏற்பாடு இருக்கும். நிறுவனம் தூரத்தில் இருந்தே அமைப்பை மாற்றுவதற்காக 2004இல் வந்தது. பழுது பார்க்க அது தேவை. ஆனால் கதவு திறந்திருந்தால் யாரும் வரலாம். 2016 நவம்பரில் ஜேர்மனியில் டொய்ச் டெலிகொம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 இலட்சம் பேரின் இணைப்பு முடங்கியது, இதே வாசலைத் தட்டிய தாக்குதலால்தான். கிளவுட்டில் இருந்தால் எல்லாம் பத்திரம் என்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் உண்டு: 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் தாக்கப்பட்டு, சுமார் 5,000 அரசாங்க மின்னஞ்சல் கணக்குகளில் மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் அழிந்தன.

சட்டம் காக்குமா? தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இன் 9ஆம் இலக்கமாக நிறைவேறியது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கியப் பகுதிகள் பின்போடப்பட்டன. அதை நம்பிக் கை கட்டி இருக்க முடியாது.

தூரத்துக் கம்பனிகளை விட என்னை அதிகம் பயமுறுத்துவது கிட்டத்து மனிதர்கள்தான். பிரிந்து போன கணவன் கையில் ஆப் இருந்தால், மனைவி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாள், புதிதாக யாருடைய போன் வீட்டில் இணைந்தது என்பதை அவன் எங்கிருந்தும் பார்த்துக்கொண்டிருப்பான். சண்டை வந்தால் அவளுடைய இணையத்தையே நிறுத்துவான். பெண்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இந்த ஒரு விடயத்தையாவது இன்றே பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. கணக்கு வேறொருவரின் மின்னஞ்சலில் இருந்தால் அவரிடம் சொல்லி, அவருடைய ஆப்பில் இருந்து பெட்டியை நீக்கச் செய்யுங்கள். கேட்க முடியாத ஆள் என்றால், கடையில் வாங்கிய பெட்டியின் பின்புறம் உள்ள ரீசெட் துளையை ஊசியால் அழுத்திப் பிடித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, உங்கள் மின்னஞ்சலில் புதிதாகத் தொடங்குங்கள். இணைப்பு நிறுவனம் தந்த ஃபைபர் பெட்டியில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். லைன் அமைப்பும் அழிந்துபோகலாம், முதலில் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். கிளவுட் கணக்குக்கு வேறெங்கும் பாவிக்காத பாஸ்வேர்ட் போடுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு இருந்தால் திறந்துவிடுங்கள். தூரத்தில் இருந்து நிர்வகிக்கும் வசதி தேவையில்லை என்றால் மூடுங்கள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பயத்தில் அப்டேட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ஓட்டைகளை அடைப்பதும் அதுதான். பழைய பெட்டியை விற்கும்போதும், பாவித்த பெட்டியை வாங்கும்போதும் ரீசெட் கட்டாயம். புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் நேராகக் கேளுங்கள்: கணக்குத் திறக்காமல் இது வேலை செய்யுமா? செய்யாது என்றால் வேறு பெட்டி கேளுங்கள்.

யாரோ உள்ளே நுழைந்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் 101க்கு அழைத்து இலங்கை கணினி அவசரப் பதிலளிப்பு மன்றத்திடம் முறையிடலாம். அக்கம்பக்கத்தில் தனியாக இருக்கும் வயதானவர்களின் வீட்டுக்கும் ஒருமுறை போய், அவர்கள் ஆப்பில் யாருடைய மின்னஞ்சல் இருக்கிறது என்று பார்த்துக் கொடுங்கள். அவர்களாக இதைக் கேட்க மாட்டார்கள்.