தரையில் அமர முடியாதவருக்கும் யோகம்

"சம்மணமிட்டு உட்காரவே முடியவில்லை, எனக்கு எதற்கு டாக்டர் யோகா?" என்ற கேள்வியைப் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கிறேன். கம்பத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் நாள் முழுவதும் கைகளை உயர்த்தி வேலை செய்து தோள் இறுகியவர்களும், போடிமெட்டு வழியே ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்குச் சென்று குனிந்தே காய் எடுத்து முதுகும் முழங்காலும் நொந்தவர்களும் இப்படிக் கேட்கிறார்கள். இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாக அளித்தவர் சென்னையில் வாழ்ந்த டி.கே.வி. தேசிகாச்சார்.

1938 ஜூன் 21 அன்று மைசூரில் பிறந்தவர் அவர். (பிற்காலத்தில் அதே நாள் உலக யோகா தினமாக அமைந்தது தற்செயலே.) தந்தை கிருஷ்ணமாச்சார்யா புகழ்பெற்ற யோக ஆசிரியர், மகனோ பொறியியல் பயின்றவர், இளமையில் யோகத்தில் நாட்டமில்லாதவர். நெடுங்காலம் உறக்கமின்றித் தவித்த அயல்நாட்டுப் பெண்மணி ஒருவர், தந்தையின் பயிற்சியால் மருந்தின்றி உறங்கியதைக் கூறி நன்றிப் பெருக்கில் அவரைத் தழுவிக்கொண்டதைக் கண்டபோதுதான் மகனின் மனம் திரும்பியது. பொறியாளர் பணியைத் துறந்து தந்தையிடமே மாணவரானார். 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரத்தை நிறுவினார், 2016இல் மறைந்தார்.

'விநியோகம்' என்றால் நமக்கு நியாயவிலைக் கடை நினைவுக்கு வரும். வடமொழியில் அதற்குத் தக்கவாறு பயன்படுத்துதல் என்றும் பொருள் உண்டு. ஆசனத்துக்கு ஏற்ப ஆளை வளைப்பதன்று, ஆளின் வயது, நோய், தொழில் ஆகியவற்றுக்கு ஏற்ப ஆசனத்தை மாற்றுவதே அவர்கள் வழி. மைசூர் அரண்மனையில் சிறுவர்களுக்குக் கடினமான ஆசனங்களைக் கற்பித்த அதே கிருஷ்ணமாச்சார்யா, 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தபோது படுக்கையிலேயே செய்யத்தக்க பயிற்சியைத் தமக்கென வகுத்துக்கொண்டார். அறுவை சிகிச்சையை அவர் மறுத்ததை மட்டும் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். இன்று அத்தகைய முறிவுக்குப் பெரும்பாலும் அதுவே உகந்த சிகிச்சை.

மருத்துவருக்கும் இது பழகிய சிந்தனைதான். ஒருவருக்கு எழுதிய மாத்திரையை அடுத்த வீட்டார் விழுங்கலாமா? கைபேசியில் பார்த்துச் சிரசாசனம் செய்வதும் அத்தகையதே. தலைகீழாக நிற்கையில் கண்ணுக்குள் அழுத்தம் வெகுவாக உயரும். கண் அழுத்த நோய் உள்ளவருக்குப் பார்வையே பாதிக்கப்படலாம். கட்டுக்குள் இல்லாத இரத்த அழுத்தம் உடையோரும் அதைத் தவிர்க்க வேண்டும். எலும்பு தேய்ந்தவர்கள் முதுகை வளைத்து வேகமாக முன்குனிந்தால் முள்ளெலும்பு நொறுங்கக்கூடும்.

பெரும்பாலோர் எளிதாகத் தொடங்கலாம். கையில்லாத, உறுதியான நாற்காலியில் பாதங்கள் தரையில் படிய அமருங்கள். மூச்சை உள்ளிழுத்தவாறே கைகளை வலியில்லாத உயரம் வரை தூக்குங்கள். மெல்ல வெளிவிட்டவாறே இறக்குங்கள். ஆறு முறை போதும். மூச்சை அடக்க வேண்டாம். வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அன்று நிறுத்திவிடுங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை நீங்களாகக் குறைக்காதீர்கள். யோக ஆசிரியரிடம் செல்வோர், உட்கொள்ளும் மருந்துகளின் சீட்டையும் உடன் எடுத்துச் சென்று காட்டுங்கள்.