சிங்கோனாப் பட்டையும் அரைக்கும் குண்டும்

வால்பாறைப் பக்கம் சிங்கோனா என்றே ஓர் ஊர் உண்டு. இன்று அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயின் தேயிலைதான். ஒரு காலத்தில் மலேரியாவுக்குக் கொய்னா தயாரிக்க, அரசு ஆனைமலைக் காட்டைத் திருத்திச் சிங்கோனா மரம் வளர்த்தது. செயற்கை மருந்துகள் வந்ததும் மரத்துக்கு மவுசு குறைந்தது. வேதியியல்காரர்கள் மட்டும் அதன் பட்டையை விடவில்லை.

காரணம், மூலக்கூறுகளின் கை. பல மூலக்கூறுகள் இடது, வலது என்று கண்ணாடிப் பிம்பம்போல இரு வடிவில் இருக்கும்; உடம்பு இரண்டையும் ஒன்றாக நடத்தாது. அலர்ஜிக்குச் செட்ரிசின் 10 மில்லிகிராம் என்றால், அதில் ஒரு கையை மட்டும் பிரித்தெடுத்த லீவோசெட்ரிசின் 5 மில்லிகிராம் போதும். ஆய்வகத்தில் சும்மா செய்தால் இரு கையும் பாதிப்பாதியாக வரும். ஒன்று மட்டும் வேண்டுமானால், ஏற்கெனவே கை உள்ள பொருள் ஒன்று உடனிருந்து வழிகாட்ட வேண்டும். சிங்கோனாப் பட்டை அதற்கென்றே அமைந்தது. அதிலுள்ள குயினைன் (கொய்னா என்பது இதுதான்) ஒரு கைக்குத் தள்ளும். அதே அணுக்கள் கொஞ்சம் மாறி நிற்கும் குயினிடின் மறுகைக்குத் தள்ளும். 1853-லேயே லூயி பாஸ்டர் இந்தப் பட்டைச் சரக்கிலிருந்து செய்த பொருள்களை வைத்து ஓர் அமிலத்தின் இரு கைகளையும் பிரித்துக் காட்டினார்.

இப்படி ஒரு கையை மட்டும் செய்யும் வினைகளிலும் தொல்லை கரைப்பானில். மருந்து ஆலைக் கழிவில் பெரும்பங்கு அதுதான். ஜெர்மனியின் ஆகென் நகரில் கார்ஸ்டன் போல்ம் குழுவினர் கரைப்பானையே விட்டுவிட்டார்கள். வினைபுரிய வேண்டிய பொடிகளையும் குயினிடினையும் குண்டுகளோடு அரைக்கும் கலத்தில் போட்டுச் சுழற்றினார்கள். குண்டு மோதும் இடத்தில் துகள் உடைகிறது, புதுப் பரப்பு திறக்கிறது, அங்கேயே வினை நடக்கிறது. பாதரசத்தையும் கந்தகத்தையும் கல்வத்தில் சாமக்கணக்கில் அரைத்துக் கறுப்பாக்கும் சித்த வைத்தியருக்கு இது புதிதல்ல. 2007-ல் வெளியான அந்தக் குயினிடின் வினையில் ஒரே கையாக வரும் சுத்தம், கரைப்பானோடு குடுவையில் கிடைத்த அளவுக்கு வரவில்லை. அதே குழு புரோலின் என்ற அமினோ அமிலத்தை வைத்து அரைத்தபோது பிரமாதமாக வந்தது.

இங்கெல்லாம் கையைக் கொடுத்தது மரமோ அமினோ அமிலமோதான். அரைப்பு தன் வேலையை மட்டும் பார்த்தது. கிறிஸ்டோபல் வியத்மா என்ற ஆய்வாளர் 2005-ல் காட்டியது இதைவிட விசித்திரம். சோடியம் குளோரேட் கரைசலாக இருக்கும்போது அதற்குக் கை கிடையாது. படிகமானால் இடது அல்லது வலது. இரண்டும் கலந்த படிகங்களைத் தெவிட்டிய கரைசலில், கண்ணாடி மணிகளோடு விடாமல் கலக்கிக்கொண்டிருந்தார். நொறுங்கிய சிறு படிகம் கரைகிறது, பெரியது வளர்கிறது. கடைசியில் மிஞ்சியது எல்லாம் ஒரே கை. எந்தக் கை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தொடக்கத்திலேயே ஒரு பக்கத்துப் படிகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டுவிட்டால் மட்டும், ஜெயிப்பது அந்தப் பக்கம்தான்.