கெர்னல் மாற்றமும் கம்பியில்லா அட்டையின் மௌனமும்

நேற்று மாலை வரை குறைவின்றி இயங்கிய கணிப்பொறி இன்று காலை வைஃபை இணைப்பை அடியோடு மறுக்கின்றது. அது கீழே விழவில்லை, ஈரமும் படவில்லை. இடையில் நிகழ்ந்தது ஒன்றே: இயக்க அமைப்பு தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. லினக்ஸ் அமைப்பைக் கையாளும் இடங்களில் இக்குறை அரிதன்று. கேரளப் பள்ளிகளில் உபுண்டுவைத் தழுவிய அமைப்பு வழங்கி வருவதாலும், டெபியனைத் தழுவிய பாஸ் லினக்ஸைச் சி-டாக் நிறுவனம் உருவாக்கி அளித்திருப்பதாலும், நம் நாட்டு ஆசிரியர் பலருக்கும் இவ்விஷயத்தில் அக்கறை உண்டு. அட்டை பழுதாயிற்று என்று முடிவு கட்டிப் புதியது வாங்குவோர் உளர். வட்டு முழுவதையும் அழித்து அமைப்பை மீண்டும் நிறுவுவோரும் உளர். பின்னவர் செய்கையால் மதிப்பெண் பட்டியலும், ஆண்டு முழுவதும் திரட்டிய மழைக்கணக்கும் சேர்ந்தே மறைந்துவிடக்கூடும்.

கம்பியில்லா அட்டை தன்னந்தனியே வேலை செய்வதன்று. அதனை ஆள்வதற்கு டிரைவர் என்னும் நிரல் வேண்டும். அட்டைக்குள்ளேயே ஏற்றப்பட வேண்டிய ஃபர்ம்வேர் என்னும் மற்றொரு நிரலும் பெரும்பாலும் வேண்டும். இவற்றுள் டிரைவரே கெர்னலோடு, அதாவது இயக்க அமைப்பின் கருவோடு, ஒட்டி உறவாடுவது. ஒவ்வொரு கெர்னலுக்கும் உரிய டிரைவர்கள் அதனதன் பதிப்பெண்ணைத் தாங்கிய தனி அடைவில் வைக்கப்படுகின்றன. புதிய கெர்னல் எழுந்தவுடன் தன் அடைவையே நாடும். பழைய அடைவைத் திரும்பியும் பாராது.

கெர்னலோடு சேர்ந்தே வெளிவரும் டிரைவர்களுக்கு இதனால் பெரிதும் இடரில்லை. வெளியிலிருந்து தனியே கொணர்ந்து சேர்த்தவற்றுக்கே தொல்லை. அவை ஒரு குறிப்பிட்ட கெர்னலுக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போன்றவை. 1991-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய இக்கெர்னல் ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பாக வெளிவருகின்றது. நாம் பயன்படுத்தும் சாதாரண நிரல்களுக்கும் கெர்னலுக்கும் இடையேயுள்ள முறைகளைக் குலையாமல் காப்பதில் அதனை ஆக்குவோர் மிகக் கண்டிப்பானவர்கள். ஆனால் டிரைவர்களுக்கான உள்முறைகளை வேண்டும்போது மாற்றும் உரிமையை அவர்கள் வேண்டுமென்றே வைத்துக்கொண்டுள்ளனர். இக்கொள்கையைக் குறை கூறுவோர் உண்டு. எனினும் பழைய பிழைகளைச் சுமந்துகொண்டே நடக்கவேண்டிய நிலை இதனால் தவிர்க்கப்படுகின்றது என்பதை மறுப்பதற்கில்லை.

இதற்குப் பரிகாரமாக டெல் நிறுவனத்தில் தோன்றியதே டி.கே.எம்.எஸ். என்னும் ஏற்பாடு. புதிய கெர்னல் வந்து சேரும்போதெல்லாம் வெளி டிரைவரின் மூலநிரலை அது மீண்டும் தொகுத்து அமைக்கின்றது. அந்தக் கெர்னலுக்குரிய தலைப்புக் கோப்புகள் இல்லாவிடினும், மூலநிரல் புதிய உள்முறைகளுக்கு ஒவ்வாததாயினும் தொகுப்பு நின்றுவிடும். பாதுகாப்புத் துவக்கம் இயங்கும் கணிப்பொறிகளிலோ, தொகுப்பு நன்கு முடிந்தும் டிரைவரில் ஏற்புடைய கையொப்பம் இல்லையெனில் கெர்னல் அதனை ஏற்க மறுக்கும்.

இதற்கு மாறான ஒரு விந்தையும் உண்டு. விலை குறைந்த மடிக்கணினிகள் பலவற்றில் காணப்படும் ரியல்டெக் 8821சிஇ அட்டைக்கு முதலில் கெர்னலில் டிரைவர் இல்லை. பலர் வெளி டிரைவரை நிறுவிக்கொண்டனர். 2020-இல் வெளிவந்த 5.9 பதிப்பில் இவ்வட்டைக்குக் கெர்னலிலேயே டிரைவர் சேர்ந்தது. நன்மைதான்! ஆனால் வெளி டிரைவரும் நீங்காதிருந்த கணிப்பொறிகளில் ஓர் அட்டைக்கு இரு எசமானர்கள் ஏற்பட்டனர். இருவருள் ஒருவரை விலக்குப் பட்டியலில் சேர்த்தால்தான் வழக்குத் தீரும்.

நோயை அறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. கணிப்பொறியை முழுவதும் அணைத்து, சிறிது நேரம் பொறுத்து மீண்டும் துவக்குக. வெறும் மறுதுவக்கத்தால் நீங்காத தடுமாற்றம் சில அட்டைகளில் இதனாலேயே நீங்கிவிடும். நீங்காவிடில், துவக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுக்க. அதில் இணைப்பு வருமாயின் அட்டைக்கு யாதொரு குறையும் இல்லை என்று துணியலாம். அதிலும் வாராவிடில், விமானப் பயண விசை தவறுதலாக அழுத்தப்பட்டதா என்று முதலில் பார்க்க. ஃபர்ம்வேர் கோப்புகள் இரு கெர்னல்களுக்கும் பொதுவானவையாதலால், அவை கெட்டிருந்தாலும் இவ்வாறே நேரும்.

இணைப்பைச் சரிசெய்வதற்கு வேண்டிய பொதிகளைப் பெறவே இணைப்பு வேண்டும் என்பது இதிலுள்ள சங்கடம். மாலைக்குள் அறிக்கை அனுப்பவேண்டிய ஊழியர் கைபேசியை யூஎஸ்பி கம்பியால் பிணைத்து அதன் இணையத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். இதற்கு வேண்டிய டிரைவர் கெர்னலிலேயே பொதுவாக அடங்கியுள்ளது. பழைய கெர்னலிலேயே நாள் கடத்துவது மட்டும் தகாது. புதுப்பித்தல்கள் பல பாதுகாப்புத் துளைகளை அடைப்பதற்கென்றே வருபவை.

மேலிடத்துக்குக் குறையைத் தெரிவிக்கையில், வேலை செய்த கெர்னல், செய்யாத கெர்னல் ஆகிய இரண்டின் பதிப்பெண்களையும், அட்டையின் அடையாள எண்ணையும் எழுதுக. கணிப்பொறியின் மாதிரிப் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயர் பொறித்த இரு கணிப்பொறிகளில் வெவ்வேறு நிறுவனத்தாரின் அட்டைகள் இருப்பதுண்டு.