சைக்கிள் இருக்கு... கூட வர்றது யாரு? ஸ்கூலுக்கு ‘சைக்கிள் பஸ்’ விடுவது எப்படி?

ஞாயிறு விடிகாலை ஈசிஆர் பக்கம் போனால், ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு லைட் சகிதம் பத்திருபது பேர் மாமல்லபுரம் நோக்கிச் சைக்கிள் மிதிப்பதைப் பார்க்கலாம். கூட்டமாகப் போனால்தான் கார்காரர் கண்ணில் படுவோம் என்பது அவர்களுக்குத் தெரியும். திங்கள் காலை, அதே ரோட்டோரம் புத்தக மூட்டையோடு ஸ்கூலுக்குப் போகிற பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்தால் என்ன?

தமிழ்நாட்டில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. 2001-02-ல் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005-06-ல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவ, மாணவிகள் எல்லாருக்குமாக விரிந்தது. ஆனால், ‘தனியா அனுப்பப் பயமா இருக்கே’ என்கிற அம்மாக்களின் கவலைக்கு சைக்கிள் மட்டுமே பதில் ஆகாது.

பிஹாரில் என்ன நடந்தது?

2006-ல் பிஹார் அரசு, 9-ம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தது. பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் ஆராய்ந்தபோது, மாணவிகள் சேர்க்கை 32% கூடியிருந்தது. ஸ்கூல் தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பயண நேரம் குறைந்தது மட்டுமல்ல. பெண் பிள்ளைகள் ஒன்றாகச் சேர்ந்து போனதில் கிடைத்த பாதுகாப்பும், அதைப் பார்த்து ஊர் மனசு மாறியதும்கூட காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது புதுசில்லை. 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தின்போது அங்கே பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கத்துக்கிட்டார்கள்.

‘சைக்கிள் பஸ்’ என்றால்?

பஸ் மாதிரியே குறிப்பிட்ட ரூட், ஸ்டாப், நேரம். முன்னால் ஒரு பெரியவர், கடைசியில் ஒருவர், நடுவில் பிள்ளைகள். வழியில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆள் சேரும். பார்சிலோனாவில் 2021-ல் இது பிரபலமானது. அமெரிக்காவின் போர்ட்லேண்டில் சாம் பால்டோ என்ற பி.டி. வாத்தியார் 2022-ல் தொடங்கினார். அடுத்த ஆண்டே, பள்ளிப் போக்குவரத்து நிதியை இதற்கும் செலவிடலாம் என்று ஓரிகன் மாகாணம் சட்டம் போட்டது.

நம்ம ஊரில் எப்படி?

முதலில் பெரியவர்கள் மட்டும், ஸ்கூல் நேரத்திலேயே ரூட்டை ஒருமுறை ஓட்டிப் பார்க்க வேண்டும். இதுதான் முக்கியமான வேலை. பட்டிபுலம், தேவனேரி மாதிரியான கடலோர ஊர்களில் தெருவை விட்டு வெளியே வந்தாலே ஈசிஆர்தான். ஓஎம்ஆர், திருக்கழுக்குன்றம் ரோடு எல்லாம் வந்து சேர்கிற பூஞ்சேரி பக்கம் இன்னும் மோசம். ஊருக்குள் போகிற தெரு சுற்று வழியாக இருந்தாலும் அதுவே நல்லது. மெயின் ரோட்டைக் கடக்கும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அங்கே எல்லாரும் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சேர்ந்தே கடக்கணும்.

வேகம், கூட்டத்தில் மெதுவாக ஓட்டும் பிள்ளையின் வேகம்தான். முந்துவது கூடாது. பிரேக்கும் டயர் காத்தும் முந்தின நாள் சாயங்காலமே பார்த்துவிடலாம். தினமும் விட ஆள் கிடைக்காது. வாரத்தில் ஒரு நாள் என்று ஆரம்பித்தால் போதும்.

சாயங்காலம்தான் சிக்கல். பிளஸ் 2 பிள்ளைகளுக்கு ஸ்பெஷல் கிளாஸ் முடிய நேரமாகும். மழைக்காலமான கார்த்திகையில் ஆறு மணிக்கே இருட்டிவிடும். காலையில் இருபது பேராகப் போன பெண் பிள்ளைகள் திரும்பும்போது இரண்டு, மூன்று பேராகச் சிதறிவிடுகிறார்கள் என்றால், ஹெட்மாஸ்டரிடம் பேசி வாரத்தில் அந்த ஒரு நாளாவது ஸ்பெஷல் கிளாஸ் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் பெற்றோரின் முதல் வேலை.